நிழல் போட மறந்த படம்

ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவளுக்குத் தெரு வைத்த பெயர் ‘கிராப்பு’. இடுப்புவரை தொங்கிய பின்னலை ஒருநாள் வெட்டிவிட்டு வந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். முடியை வெட்டினாளே ஒழிய வீட்டுப் பேச்சை வெட்டவில்லை. கடைக்கு எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் அம்மா பேசுகிற பேச்சையேதான் பேசுவாள். வேலையிலும் அப்படித்தான், ஒரு இமைமயிர் பிசகாது. அவள் கை பட்ட படத்தில் கை பட்டதே தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஒரு விஷயம்தான் அந்தத் தலைக்கு வினையாக வந்தது. அவர்கள் சாதிக்காரர்களுடைய சங்கம் ஆண்டு மலர் போடும். வீட்டுக்கு ஒரு குடும்பப் படம். அப்பா கையைப் பிசைந்தார்.

“நாலு பேர் பாக்கற புஸ்தகம்மா. இந்தத் தலையோட எப்படி உக்காருவே?”

“அப்ப நான் வரலப்பா.”

“வராட்டி பொண்ணு எங்கேன்னு கேப்பாங்களே!”

கடைசியில் வழி சொன்னவளும் அவளேதான். பழைய படம் ஒன்றிலிருந்து பின்னல் போட்ட தன்னை வெட்டியெடுத்து, அக்காவுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார வைத்தாள். மலர் அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் பின்னால் சுவரில் நிழல் விழுந்திருந்தது. பின்னல்காரிக்கு மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் வேலையில் விட்ட ஒரே பிழை. வேறு யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். அவள் தலையைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

“நேத்து கூட்டத்துல அவ்வளவு நீளப் பின்னலோட பாத்தேன். அதுக்குள்ள வெட்டிட்டியே!”

“நேத்து முழுக்க நான் கடையில இருந்தேன் மாமா.”

“போ, விளையாடாதே. நாற்காலியெல்லாம் நீதானே எடுத்துப் போட்டே? வாயே திறக்கல, என்ன அடக்கம்!”

அவள் தங்கியிருந்தது கடை மாடியில். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையிலதானே பின்னி விட்டேன்? எங்கடி பின்னல்?”

அம்மாவின் சீப்பில் முழ நீளத்துக்குக் கறுப்பு முடி சுற்றிக் கிடந்தது. அம்மாவுக்குத் தலை வெளுத்துப் பல வருஷமாகிறது. வெளியூரில் இருக்கும் அக்கா இந்தப் பக்கம் வந்தே மூன்று மாதமாகிறது.

கிராப்பு அந்த முடியைச் சீப்பிலிருந்து உருவினாள். அந்தப் பின்னல்காரி, சொன்ன இடத்தில் உட்காருகிறாள், எதிர்த்துப் பேசுவதில்லை. அப்படி ஒருத்தி இருக்கும்போது இந்த வீட்டில் தனக்கு என்ன இடம்?

அடுத்த வருஷம் படம் எடுக்கிற அன்று அவளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து போகச் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஸ்டூடியோ முதலாளி தலையைச் சொறிந்தார்.

“நாற்காலி ஒண்ணு குறையுதே?”

“நாலு பேருக்கு நாலு இருக்கேண்ணே,” என்றாள் அக்கா.

முதலாளி கேமராவுக்குள் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டார்.

கிராப்பு வீட்டு மேஜையிலேயே கணினியை வைத்துப் படத்தைத் திறந்தாள். ஐந்து பேர் இருந்தார்கள். அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி பின்னல்காரி நின்றாள். அவள் நிழல் சுவரில் கறுப்பாக, தெளிவாக விழுந்திருந்தது. கிராப்பின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர்.

பின்னல்காரியை அழிக்க அரை நிமிஷம் போதும். மவுஸை நகர்த்தியபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“அவளை அழிக்காதே. பின்னும்போது தலையை ஆட்டாம இருக்கும், பாவம். நீ ஏன் ஆவி மாதிரி உக்காந்திருக்கே? உனக்கு ஒரு நிழல் போட்டுக்கோயேன்.”

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தன் நிழலைப் போட்டாள். குட்டை முடியின் நுனிவரை, ஒன்று விடாமல். போட்டு முடித்துப் படத்தைச் சங்கத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. செயலாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“உங்களுக்கு ரெண்டு பொண்ணுதானே? படத்துல மூணு இருக்கே?”

அப்பா கிராப்பைப் பார்த்தார்.

“மூணுதான். கடைசிப் பொண்ணு கிராப்பு வச்சிருக்கும். அப்படியே போடுங்க.”

உள்ளறையில் நீண்ட முடியில் சீப்பு மெல்ல இறங்கும் சத்தம் கேட்டது. அம்மாவோ இங்கே மேஜையருகில் நின்றிருந்தாள். கிராப்பு எட்டிப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.