காற்றை அடைத்தவள்

2003ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த எங்கள் வண்டியின் ஏசிக்குக் காற்று போகும் வழியை என் துப்பட்டாவால் அடைத்தேன். முதல்முறை தெரியாமல் செய்தேன். இரண்டாம் முறை தெரிந்தே செய்தேன். அதனால் ஒரு மனிதரின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

என் அப்பா செங்கல்பட்டில் கட்டட ஒப்பந்தக்காரர். சினிமாக்காரர்களுக்குக் கேரவன் வாடகைக்கு விடலாம் என்று ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, கட்டில், கண்ணாடி, கழிவறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். முன்னால் டிரைவரும் அவரும், நடுவில் மரத்தடுப்பும் ஒரு கதவும், பின்னால் அறை. எஞ்சின் ஓடினால் ஏசியும் ஓடும். அன்று கடப்பாக்கத்துக் கடற்கரையில் இருந்த ஒரு படப்பிடிப்பு மேலாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். குடும்பத்தோடு போய் இறங்கினால் மதிப்பு என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

ஓட்டியவர் சாமுவேல் அண்ணன். ஏரிக்கு அப்பால் காலனியில் வீடு. அவருடைய தகப்பனார் எங்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று சுமந்தவர். மகன் வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்தது அப்பாவை உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது.

பின் அறையில் அம்மாவும் நானும். அம்மாவின் காதோரம் வீங்கியிருந்தது. புறப்படும்போது ஃபிளாஸ்க்கை மறந்ததற்கான அடி அது. எங்கள் வீட்டில் இது செய்தியே அல்ல. அப்பா வரும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, விரிந்திருக்கின்றனவா... அந்த மொழியை வேறெந்த மொழிக்கும் முன்னதாகக் கற்றவள் நான்.

கட்டிலுக்குக் கீழே, என் காலருகே, ஓட்டைகள் போட்ட ஒரு தகரம் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கடகடவென்று அடித்தது. படிக்க முடியவில்லை. துப்பட்டாவை மடித்து, தகரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே அழுத்திச் செருகினேன். சத்தம் நின்றது. அந்த வழியாகத்தான் ஏசி காற்றை உள்ளிழுக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது!

திருக்கழுக்குன்றம் தாண்டியபோது அறை புழுங்கத் தொடங்கியது. கதவு படாரென்று திறந்தது.

“இன்னாடி இது, அடுப்பாட்டம் கீது? நீ ஏறுன நேரம்டி!”

அம்மாவின் கொண்டையைப் பிடித்து உலுக்கினார். அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. நான் புத்தகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது முன்னாலிருந்து சாமுவேல் அண்ணனின் குரல்.

“மொதலாளி! பெல்ட்டு லூசாயிருக்கும். ஓரங்கட்டட்டா?”

கை கொண்டையை விட்டது. அப்பா முன்னால் போனார். வண்டி நின்றது. கன்னத்தில் ஓர் அறை விழுந்த ஓசை.

“ஏத்தத்துல ஏசிய ஆஃப் பண்ணிட்டு டீசல் மிச்சம் புடிக்கிறியாடா? யாருக்கு விக்கிற?”

ஏற்றத்தில் வண்டி திணறினால் ஏசியை அணைப்பது டிரைவர்களின் பழக்கம். மிஞ்சிய டீசலை அவர்கள் விற்றுவிடுவார்கள் என்பது முதலாளிகளின் நம்பிக்கை. ஏசி குளிராவிட்டால் அப்பாவுக்கு வேறு காரணம் தோன்ற வாய்ப்பே இல்லை.

“அய்யோ, கைய வெக்கல மொதலாளி. பிள்ளைங்க மேல சத்தியம்.”

எஞ்சினை அணைத்துப் பெல்ட்டை இறுக்கினார். மறுபடி கிளப்பியதும் காற்று சில்லென்று வந்தது. அப்பா வெடித்துச் சிரித்தார்.

“பாத்தியாடா! மெக்கானிக்கே தேவயில்ல. டிரைவர ஒண்ணு வுட்டா வண்டி தானா குளுருது!”

நான் குனிந்தேன். தகரத்தின் ஓட்டைகளில் பனி படிந்து உருகிக்கொண்டிருந்தது. துப்பட்டாவைத் தொட்டேன், நனைந்து ஜில்லிட்டிருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. காற்று போகாததால் உள்ளே பனி கட்டுகிறது; பனி கட்டினால் குளிர் வராது; வண்டி நின்றால் உருகுகிறது. துப்பட்டாவை உருவிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஒரு வாக்கியம் போதும்: “அப்பா, தவறு என்னுடையது.” அந்த வாக்கியம் என் தொண்டையில் பிழையில்லாமல் உருவாகி, அங்கேயே நின்றது.

நீங்கள் இதுவரை என்னை மன்னித்திருப்பீர்கள். பயந்த பெண் என்று நினைத்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள்...

மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். அப்பா பின்னால் வந்து சோறு கேட்டார். அம்மா பரிமாறும்போது வண்டி குலுங்கி, சாம்பார் புது மெத்தை உறையில் கொட்டியது. அவர் தட்டை அவள் முகத்தில் அடித்தார். வளையல் உடைந்து மணிக்கட்டில் இறங்கியது.

“கடப்பாக்கத்துல வேல முடியட்டும். வூட்டுக்கு வந்து உன்ன வெச்சிக்கிறேன்.”

சொல்லிவிட்டுப் போய் முன்னால் உட்கார்ந்தார். அம்மா சுடுசோற்றைக் கன்னத்திலிருந்து வழித்தெடுத்தாள். அழவில்லை.

அப்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. காலையில் அந்தக் கை கொண்டையை விட்டது எப்போது? அடிப்பதற்கு வேறொருவர் கிடைத்தபோது! இன்று அந்தக் கை சாமுவேல் அண்ணனிடமே களைத்துப்போனால், வீட்டுக்கு வரும்போது அதில் பலம் இருக்காது...

துப்பட்டாவை எடுத்தேன். மடித்தேன். முன்பைவிட இறுக்கமாகச் செருகினேன். அவன் தகப்பன் எங்கள் நிலத்தில் கூலி... என்ற எண்ணம் வந்ததா? வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அடி வாங்கப் பிறந்தவர்கள் உண்டு என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கற்றிருந்தேன்.

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் குளிர் மறுபடி நின்றது. அப்பாவின் கத்தல். சவுக்குத் தோப்போரம் வண்டி நின்றது. இறங்கும்போதே சாமுவேல் அண்ணனின் உதடு கிழிந்திருந்தது. நாங்களும் இறங்கினோம். அவர் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார்.

“தண்ணி ஊத்துது பாருங்க மொதலாளி. உள்ள பனி கட்டிகினு உருகுது. காத்து போற வழி எங்கியோ அடச்சிகினு கீது. கட்டிலுக்குக் கீழ ஒரு தபா பாத்துடறேன்.”

“பொம்பளைங்க பொழங்குற ரூமுக்குள்ள நீ பூந்து பாப்பியா? அந்தளவுக்கு வந்துட்டியாடா?”

அவர் பின்வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார்.

“அப்ப பாப்பா பாக்கட்டும். படிச்ச புள்ள, பொய் சொல்லாது. பாப்பா, கட்டிலுக்குக் கீழ ஓட்ட போட்ட தகரம் ஒண்ணு இருக்கும். அத எதுனா மறச்சிகினு கீதா, பாரும்மா.”

ஏறினேன். குனிந்தேன். என் துப்பட்டாவைப் பார்த்தேன். இறங்கி வந்தேன்.

“ஒண்ணுமில்ல.”

அப்பாவின் விரல்கள் மடங்கின. சாமுவேல் அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் குனிந்தார்.

“பெல்ட்டு வழுக்குதான்னு பாக்கறேன் மொதல்—”

அப்பா பின்னாலிருந்து எட்டி உதைத்தார்.

அந்த ஓசையை எழுத எனக்குச் சொல் இல்லை. எஞ்சின் ஒரு கணம் திணறியது. மறுபடி சீராக ஓடியது. அவர் கையை வெளியே இழுத்துப் பார்த்தார். கை முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. வெள்ளைச் சட்டை நொடியில் சிவந்தது. “ஏசப்பா... ஏசப்பா...” என்று மண்ணில் உட்கார்ந்தார். அப்பா அசையாமல் நின்றார். அவர் கைகள் தொங்கின.

அம்மாதான் அலறினாள். “தூக்குங்க! அந்தாள தூக்குங்க!”

அவர் நுழையக்கூடாத அறையில், எங்கள் கட்டிலில் கிடத்தினோம். அப்பா வண்டியைத் திருப்பிச் செங்கல்பட்டை நோக்கி ஓட்டினார். கட்டுவதற்குத் துணி வேண்டுமே! அம்மா என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்கடியிலிருந்து துப்பட்டாவை உருவி அவர் கையில் சுற்றினேன். அவர் கண் திறந்தார்.

“ஏன் பாப்பா... இந்தத் துணி இவ்ளோ சில்லுனு கீது?”

நான் முடிச்சை இறுக்கினேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை திறக்கவே இல்லை. வழி முழுதும் ஏசி மிக நன்றாகக் குளிர்ந்தது.

அம்மாவைக் காப்பாற்றினேனா? அடுத்த வாரமே ரசத்தில் உப்பு கூடியதென்று அவள் பல் உடைந்தது. அந்தக் கை களைப்பதே இல்லை... அது தெரியாமலா கணக்குப் போட்டேன்? அல்லது, யாராவது அடிபடட்டும் என்று எனக்குள்ளும் ஒரு விரல் மடங்கியிருந்ததா? ஆண்டுகள் போய்விட்டன. அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. எங்கேயாவது எதிரே வந்தால் நான்தான் சந்துக்குள் திரும்புகிறேன்.

மறுநாள் காலையில் ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது சாமுவேல் அண்ணன் உதைபட்டதைச் சொல்லியிருக்கிறார். சாட்சி யார் என்றதற்கு, “அந்தப் பாப்பாவக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாராம்.

எல்லாம் தெரிந்த பிறகும் என்னைத்தான் சொல்லியிருக்கிறார்!

காவலர் என்னைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அடுக்களை வாசலில் அம்மா நின்றாள்.

நான் சொன்னேன். “எஞ்சின் ஓடும்போதே அவராகத்தான் கையை உள்ளே விட்டார், சார். அப்பா தள்ளி நின்றிருந்தார். அவசரப்படவேண்டாம் என்றுகூடச் சொன்னார்.”

“படிச்ச பொண்ணு. எவ்ளோ தெளிவா சொல்லுது பாருங்க” என்றார் காவலர்.

அவர் போனதும் அப்பா என் அருகில் வந்தார். விரல்கள் விரிந்திருந்தன. வாழ்நாளில் முதல்முறையாக என் தலையில் கை வைத்தார். “பாப்பாவுக்கு டிஃபன் போடு” என்றார்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் இட்லி வைத்தாள். நான் சாப்பிட்டேன். போதவில்லை என்று இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.