சுக்குத் தூசியின் நீலம்

அம்மாவுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் குடோனில் சலிக்கிற வேலை. சலித்தபின் அடியில் தங்கும் தூசியைப் பொட்டலம் கட்டி எனக்குத் தருவாள். அதைத் தண்ணீரோடு எஃகுக் குடுவையில் அடைத்துச் சூடேற்றினால் கண்ணுக்கு எட்டாத நானோ கார்பன் துகள்கள் உண்டாகும். என் முனைவர் பட்ட ஆராய்ச்சியே அதுதான். அந்தப் பழுப்புத் தண்ணீரில் புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக மின்னும். மின்னுவது கார்பன் துகள்கள்தான் என்று கட்டுரை எழுதி, அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு சீசாவையும் டார்ச்சையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு. அம்மா இரண்டையும் குடோனுக்கே எடுத்துப் போய், "என் மக கரியில வெளிச்சம் எடுக்கிறா" என்று ஒருத்தி விடாமல் பீற்றிக்கொண்டாள்.

எனக்குப் பொறுமை கம்மி. சூடேற்றியதைச் சவ்வுப் பையில் ஊற்றித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். சின்ன மூலக்கூறுகள் வெளியேறிவிடும், துகள்கள் பைக்குள்ளேயே நிற்கும். மூன்று நாள் தொங்க வேண்டியதை அரை நாளில் எடுத்துவிடுவேன். பைக்கு வெளியே இருக்கும் தண்ணீரைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிடுவேன். அதைச் சோதிக்க ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒருநாள் ஆய்வகத்தில் டார்ச்சை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். வெளித் தண்ணீர் நீலமாக மின்னியது. அந்தப் பையை மூன்று நாள் முழுசாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். உள்ளே துகள்கள் இருந்தன, நீலம் இல்லை. மின்னியது துகள்கள் இல்லை, தண்ணீரோடு வெளியேறிய ஏதோ சின்ன மூலக்கூறு. இரண்டு வருஷமாக வெளிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பையில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பார்த்துக் குதித்திருக்கிறேன். கட்டுரையை அனுப்பவில்லை என்று என் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. டார்ச்சை எடுத்துச் சீசாவில் அடித்தாள்.

"மின்னுதே!"

"மின்னுறது நிஜந்தாம்மா. ஆனா மின்னுறது கரி இல்ல."

"நான் குடோன் பூரா சொல்லிவச்சிருக்கேன். நீயே வந்து சொல்லு."

மறுநாள் எல்லோரும் சாயா குடிக்கிற நேரத்தில் குடோனுக்குப் போனேன். எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. நான் சொன்னது தப்பு, அம்மா மேல் தப்பில்லை என்று பெண்கள் முன்னால் சொல்லி முடித்தேன். யாராவது சிரித்திருந்தால் தேவலை. சிரிக்காததால் இன்னும் வெட்கமாக இருந்தது.

அவர்களில் வயதில் மூத்த ஒரு சேச்சி கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்போ மின்னுறது என்னவாக்கும், மோளே?"

"தெரியல சேச்சி. இனிமேதான் பாக்கணும்."

அம்மா மட்டும் சாயாவுக்கு எழுந்து வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சல்லடையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். நான் கிளம்பும்போதுதான் வாசல் வரை வந்தாள். எப்போதும் ஒரு தூசிப் பொட்டலத்துக்கு மேல் தரமாட்டாள். அன்று என் இரண்டு கையிலும் ஒவ்வொன்று கொடுத்தாள்.