கிளட்ச் மிதிக்க வேண்டிய கால்

“உங்க ஆள் மேல தப்பே இல்லையே... அதுதான் சிக்கல்!”

சென்ற செவ்வாய்க்கிழமை, யாங்கோனின் பபேடான் பகுதியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பர்மிய மொழியில் இப்படிச் சொன்னார். கேலியாக அல்ல, துக்கம் விசாரிப்பவரின் குரலில். குற்றமற்றவர் என்பதற்காக ஒரு மனிதருக்கு அனுதாபம் தெரிவிக்கப்பட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அந்த மனிதர் சவரிமுத்து. அதே ஊரின் பசுந்தாங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர். மாவ்பியில் அரிசி மூட்டை ஏற்றி யாங்கோனில் இறக்குவது அவர் தொழில். அவரைக் குற்றமற்றவர் என்று நிலைநாட்டியவர் யார் தெரியுமா?

நான்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன் நடந்தது இது. மாவ்பியிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு பஸ். அதை முந்துவதற்காக ஒரு கார் திடீரென்று வெளியே வந்தது. இந்த நாட்டில் நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். பழைய கார்களுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. ஆகவே முந்துகிறவரின் கார் பாதி வெளியே வந்த பிறகுதான் அவருடைய கண் வெளியே வரும். இதற்குள் எதிரே வருபவரின் கதை முடிந்துவிடும்.

சவரிமுத்து லாரியை ஓரமாக ஒடித்தார். கார் தப்பியது. லாரி புளியமரத்தில் மோதியது. நசுங்கிய தகரத்துக்கும் பெடலுக்கும் நடுவே அவருடைய இடது கணுக்கால் நொறுங்கியது.

அந்தக் கார் ஒரு ‘வித்தவுட்’. பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, எனவே இன்சூரன்ஸும் இல்லை — அப்படி ஓடும் வண்டிக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது. ஓட்டியவர் ஒரு காய்கறி வியாபாரி. காரும் இரவல்.

அரசு மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். “இன்னோர் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தால்தான் பாதம் மடங்கும். இல்லாவிட்டாலும் நடப்பார், ஆனால் கிளட்ச் மிதிக்க முடியாது” என்றார் டாக்டர். அந்த ஆபரேஷனைத் தனியார் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். அதற்குப் பணம் கிடைக்க இருந்த ஒரே வழி, லாரிக்காக முதலாளி எடுத்திருந்த பாலிசி.

விசாரணைக்குப் போக்குவரத்து அதிகாரி வார்டுக்கே வருவதாகத் தகவல் வந்தது. சவரிமுத்துவின் மனைவி லூர்து அக்கா என்னைத் தேடி வந்தார்.

“படிச்ச புள்ள, கொஞ்சம் கூட வந்து நில்லு தங்கச்சி.”

நில் என்றுதான் சொன்னார். பேசு என்று சொல்லவில்லை. பட்டிமன்ற மேடையில் தோல்வியே அறியாத எனக்கு, நிற்பதற்கும் பேசுவதற்கும் வேறுபாடு உண்டென்று யார் சொல்லித் தந்தார்கள்?

அதிகாரி கட்டிலருகே அமர்ந்து காகிதத்தை விரித்தார். நல்ல மனிதர்; ‘கோ’ என்று, அண்ணன் முறை வைத்தே பேசினார்.

“கோ முத்து, வேகம் கொஞ்சம் கூட இருந்துச்சா? பிரேக் கொஞ்சம் லேட்டா?”

“ஆமா சயா, கொஞ்சம் வேகந்தான்...”

நான் இடைமறித்தேன். “அண்ணே, பயப்படாதீங்க! நீங்க ஒரு தப்பும் செய்யல!”

டியூஷன் நடத்துவதால் எல்லாருக்கும் நான் சயாமா, அதாவது டீச்சர். அதிகாரியும் அப்படியே அழைத்தார். “சயாமா, பெரிய வண்டி கொஞ்சம் தப்பை ஏத்துக்கிறது வழக்கந்தான். எல்லாருக்கும் நல்லது.”

வழக்கமா? என் ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றேன். வண்டியின் எடை குற்றத்தின் எடை ஆகுமா என்று கேட்டேன். எதிரே வந்தவனின் உயிரைக் காக்கத் தன் காலைக் கொடுத்தவனைக் குற்றவாளி என்பது எந்த ஊர் நீதி என்று கேட்டேன். சவரிமுத்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நன்றிப் பெருக்கு என்று நினைத்து, அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

“அப்போ, இவர் பக்கம் தப்பு கொஞ்சங்கூட இல்லேன்னு எழுதிடலாமா சயாமா?” அதிகாரி மறுபடியும் கேட்டார்.

“ஒரு துளியும் இல்லை!”

எழுதினார். சவரிமுத்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையெழுத்திட்டார். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். ஒரு கையில் கட்டு, ஆகவே மறுகையால் தொடையில் தட்டினார் — அதையும் நான் பெருமையோடு கவனித்தேன்.

செவ்வாயன்று எழுத்தர் பாலிசியின் அந்தப் பகுதியை எனக்குப் படித்துக் காட்டினார். விபத்தில் ஓட்டுநருக்குப் பங்கு இருந்தால், அவருடைய சிகிச்சைச் செலவை இவர்கள் ஏற்பார்கள். தவறு முழுவதும் மற்றவருடையது என்றால், அந்த மற்றவரின் இன்சூரன்ஸில் கேட்டுப் பெற வேண்டும்.

“மற்றவருக்கு இன்சூரன்ஸே இல்லையே?”

“அப்படின்னா... அவர்கிட்டயே கேளுங்க சயாமா.”

அந்தக் காய்கறி வியாபாரியிடம் என்ன இருக்கிறது? ஞாயிறுதோறும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாடி ஏறி வந்து, சவரிமுத்துவின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

வேறு நாடுகளில் இதற்கென்றே தனிப் பாதுகாப்பு உண்டாம். இன்சூரன்ஸ் இல்லாதவன் வந்து மோதினாலும், இருப்பது போதாதவன் மோதினாலும், நம் பாலிசியே நம்மைத் தாங்குமாம். லாரி முதலாளிக்குப் போன் செய்து, இதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“லாரிக்கு இருக்கு, மூட்டைக்கு இருக்கு. டிரைவருக்கு அது வேறயாம்மா?”

மரத்தில் மோதிய லாரி இன்று புதுப் பெயின்டோடு ஓடுகிறது. அரிசிக்கு நட்டமில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் மட்டும் எந்தக் காகிதத்திலும் அடங்கவில்லை. தப்புச் செய்தவனுக்குக் குடை பிடிக்கிறது பாலிசி. நேர்மையாக ஓட்டியவன் நனையட்டும் என்கிறது. இதை எழுதியவர்களும் படித்தவர்கள்தாமே... என்னைப் போல!

அதிகாரியிடம் ஓடினேன். எழுதியதைத் திருத்த முடியாதா?

“நான் ரெண்டு தடவை கேட்டேனே சயாமா” என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை மேல்மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சவரிமுத்து அதிரவில்லை.

“தெரியும் தங்கச்சி. எங்க லைன்ல கொஞ்சம் தப்பை நாங்களே எடுத்துக்குவோம். அப்பத்தான் இன்சூரன்ஸ்காரன் அசைவான். அதுக்குத்தானே தலைப்பைப் பிடிச்சு இழுத்தேன்.”

“தெரிஞ்சும் ஏன் அண்ணே கையெழுத்துப் போட்டீங்க?”

“வார்டு பூரா கேட்டுக்கிட்டிருந்துச்சு. உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?”

லூர்து அக்கா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “அவரும் வாய் உள்ள மனுசன்தான். கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்.”

பொய்யான ஒப்புதலை ஆதரிக்கிறாயா என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். வேறொரு மேடையில் நானும் கேட்டிருப்பேன். ஓட்டுநர்களின் பொய், ஓட்டைப் பாலிசிக்கு அவர்களே போட்டுக்கொண்ட ஒட்டு. நான் என் தூய கைகளால் அதைப் பிய்த்தெறிந்தேன். உண்மை வென்றது, ஆபரேஷன் நடக்கவில்லை. எலும்பு அப்படியே கூடிவிட்டது. இனிப் பிளேட் வைத்தும் பயனில்லை என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார்.

அந்த மாலை நான் கிளம்பும்போது சவரிமுத்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். முதலாளியின் கிடங்கில் வாட்ச்மேன் வேலை காலியாம். விண்ணப்பம் வேண்டும்.

“நான் நேரில் வந்து முதலாளிகிட்ட பேசறேன் அண்ணே...”

“வேணாம் தங்கச்சி. எழுதிக் குடு, போதும்.”

எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி, அடைமொழி ஒன்றுகூட இல்லை.