கைத்தடி காட்டிய பக்கம்

"நீ அங்க போ. நீ இங்க வா. ஏய், உன்னத்தான், எருமை மாதிரி நிக்காதே!"

குடைக்குக் கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவர் கைத்தடியால் ஆட்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் முன் வருஷம் தவறாமல் இது நடக்கும். அவருடைய வயல் எட்டுத் துண்டு. விளைச்சலில் அவருக்குப் பங்கு அளந்து அதை வாரத்துக்கு உழும் குடும்பங்களும் எட்டு. போன வருஷம் உழுத துண்டில் இந்த வருஷம் யாரும் கால் வைக்கக் கூடாது.

காரணத்தை அவர் மறைப்பதில்லை. ஒரே துண்டில் தொடர்ந்து மூன்று அறுவடை கண்டவருக்கு அந்தத் துண்டு சொந்தம், விதையும் கிணற்றுக்கு உதவியும் உண்டு என்று சட்டம் வந்திருக்கிறது. "சட்டம் போட்டவன் படிச்சவன். நான் அவனுக்கு அப்பன்" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அப்பனின் கெட்டிக்காரத்தனத்தில் மண் ஓடாக இறுகியது. விட்டுப் போகப்போகிற இடத்துக்கு எவள் எருக்கூடை சுமப்பாள்? அறுவடைக்கு முந்தைய மாதங்களில் எட்டு வீட்டிலும் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. பிள்ளைகளுக்குத் தலைமுடி செம்பட்டை பாய்ந்து, கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் வந்தது. அது என்ன நோய் என்று பார்க்க டாக்டர் தேவையில்லை. சோறு போட்டால் போகும் நோய். பெரியவர் கண்டுபிடித்ததோ வேறு: "சோம்பேறி வீட்டுப் பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்."

இப்போது அவருக்கு அந்தப் பிள்ளைகளே தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றி வெள்ளை படர்ந்துவிட்டது. கால் மணி நேர வேலை, எடுத்துவிடலாம். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம் மாமா" என்று மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். "என் கண்ணுக்கு என்னடி? நீ குழம்புல உப்புப் போட மறந்தது வரைக்கும் தெரியுது" என்றார். சொல்லிவிட்டு, செம்பு என்று நினைத்துப் பூந்தொட்டியில் கையை விட்டார். மேற்பார்வைக்கு ஆள் வைக்கவும் மனசில்லை. வைத்தால் அவனுக்கும் சோறு போட வேண்டுமே!

வயலில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். போன வருஷம் முதல் அவர் தடியை நீட்டினால் "சரிங்க ஐயா" என்கிறார்கள்; நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். எருக்கூடை இறங்கியது, விளைச்சல் ஏறியது, பிள்ளைகளின் முடி கறுத்தது. பெரியவருக்கு வரும் பங்கும் கூடிற்று. "பாத்தியா, ஆளை மாத்த மாத்த மண்ணு எப்படிக் குடுக்குது!" என்று மருமகளிடம் பீற்றிக்கொண்டார்.

இரண்டு அறுவடை முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் இந்த வருஷம் அவருக்கு நாற்காலி அலுத்துப் போயிற்று. எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு மூன்றாம் துண்டுக்குள் இறங்கினார். தடி ஒரு சாண் ஆழம் உள்ளே போனது. பெரியவர் நின்றார். மறுபடி குத்தினார். மறுபடியும் போனது.

"யாரு இங்க?"

"நான்தாங்க ஐயா" என்றாள் அந்தத் துண்டை உழுபவள். புருஷன் போனபின் மூன்று பிள்ளைகளையும் அந்தத் துண்டையும் ஒருத்தியாகச் சுமப்பவள்.

"மண்ணு ஏன் இப்படி மெத்து மெத்துனு கிடக்கு? எவ எருப் போட்டா?"

வரப்பில் நின்ற ஏழு குடும்பமும் அவள் முகத்தைப் பார்த்தது.

"எருவா? நேத்து ராத்திரி கொட்டுன மழைங்க ஐயா. ஊறிக் கிடக்கு. கிழக்க பாருங்க, இன்னும் கறுத்துட்டு நிக்குது!"

மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. கிழக்கே வானம் வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெரியவர் முகத்தைக் கிழக்கே திருப்பினார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டாது.

"அதான் பாத்தேனே, விடியறப்பவே! எனக்கே மேகம் காட்டுறியா நீ?" என்று சீறினார். "போ, ஏழாம் துண்டுக்குப் போ. போற சத்தம் என் காதுல விழணும்."

தடி நீண்டது, வெறும் பாதையைப் பார்த்து.

"போறேங்க ஐயா" என்றாள் அவள். மூன்றாம் துண்டின் வரப்பில் ஏறி நின்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்தாள்: முதலில் ஓங்கி, பிறகு மெல்ல, பிறகு இன்னும் மெல்ல.