யாரையும் இறங்கச் சொல்லவில்லை

மூன்று வருடத்துக்கு முன், தை மாதத்தில் ஒரு காலை நேரம். சித்தேரி மலையில் எங்கள் வீட்டு வாசலில் கேழ்வரகு காய வைத்துக்கொண்டிருந்த என் கணவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ் அரூரிலிருந்து மேலே ஏறி வர நேரமாகும் என்றார்கள்.

கொழுந்தனாரிடம் பிக்கப் வண்டி இருந்தது. முந்தின வாரம்தான் ஓசூர் போய், பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பெரிய அலாய் வீலும் அகல டயரும் மாட்டி வந்திருந்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "ஏன்டா, இது மூட்டை ஏத்தற வண்டியா, மாப்பிள்ளை ஊர்வல வண்டியா?" என்று என் கணவர் கிண்டல்கூடச் செய்தார்.

அதே வண்டியில் அவரைப் படுக்க வைத்தோம். எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாதவரைத் தனியாக அனுப்ப மாட்டோம். கூட வராதவர்களை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவோம். பங்காளி, சம்பந்தி, என் அண்ணன், பக்கத்து வீடு என்று திமுதிமுவென ஏறினார்கள். கொழுந்தனார் மட்டும் ஏறாமல் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எடுங்க வண்டிய!" என்று கத்தினேன். எடுத்தார்.

வளைவுக்கு வளைவு பின்னால் சரசரவென்று உரசியது. ரப்பர் கருகும் நாற்றம். பாதி மலையில் டயர் வெடித்து வண்டி நின்றது. ஸ்டெப்னியோ பழைய சின்னச் சக்கரம். புது வீலின் நட்டு அதில் உட்காரவில்லை. பழைய நட்டுகள் வீட்டில் கிடந்தன. கொழுந்தனார் அழுதுகொண்டே முறுக்கிப் பார்த்தார்.

"வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்றார் என் கணவர்.

"மாடு குறுக்கால நிக்குதுங்க. இப்பக் கெளம்பிரும்" என்று சொன்னேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான்.

அப்புறம் பஸ் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, அவரைப் படுக்க வைக்க இடம் விட்டார்கள். அடிவாரம் போவதற்குள் என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று கொழுந்தனார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "பாரம் ஏத்தாத, டயரு மட்கார்டுல உரசும்னு மாட்டினவன் சொல்லியிருந்தான் அண்ணி. ஆனா ஒறமொறைய எப்படிங்க எறங்குன்னு சொல்றது? காலத்துக்கும் பேசுவாங்களே" என்றார்.

சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன், பாவி என்று கத்தினேன். ஆனால் ஆத்திரம் ஆறின பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவர் என் அண்ணனை இறங்கச் சொல்லியிருந்தால், முதலில் சண்டைக்குப் போயிருப்பது நான்தான்.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வந்த வண்டியில் வழக்கம் போலக் கூட்டம் ஏறியது. நான் குறுக்கே போய் நின்றேன். ரெண்டு பேர் போதும், மற்றவர்கள் இறங்குங்கள் என்றேன். "புருசனத் தின்னவ, நல்ல காரியத்துக்குக் குறுக்க வந்து நிக்கறா பாரு" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர்கள் இறங்கும் வரை நான் நகரவில்லை. கூடப் போகாமல் நிற்பதும் ஓர் உதவிதான் என்பது என் புத்தியில் ஏற, என் வீட்டுக்காரர் போக வேண்டியிருந்தது.