பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த கிறிஸ்தவ வீடுகளில் சாவு விழுந்தால், பெட்டியை மூடும் முன் ஒரு படம் எடுப்பார்கள். தலைமாட்டில் மூத்த மகன், அவர் பக்கத்தில் மனைவி, பிறகு வயது வரிசையில் மற்றவர்கள். படம் எடுக்கும் நேரத்தில் யாரும் அழக்கூடாது. இறந்தவரைத் தவிர எல்லோரும் கேமராவைப் பார்க்க வேண்டும். அன்று மாலைக்குள் அந்தப் படம் துபாயில் இருக்கும் தம்பிக்கும் நாகர்கோவிலில் இருக்கும் சித்திக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதில் நிற்பவர்கள் குடும்பம். நிற்காதவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்.

நான் சாவு வீட்டுப் படம் எடுப்பவள் இல்லை. வீடுகளுக்குள் கதவு சாத்திய பிறகு மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் படமெடுப்பவள். அனகாபுத்தூரில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி ஓட்டியவரின் மகள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான்தான், கல்லூரி முடித்தவளும் நான்தான். ரேஷன் கார்டில் ஒட்டியதைத் தவிர வேறு படமே இல்லாத வீட்டிலிருந்து வந்து, என் படங்களைச் சுவரில் மாட்டிப் பார்க்க மற்றவர்கள் வரும்படி செய்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த அக்காவை ஒரு மருந்துக்கடையில் பார்த்தேன். பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட்டைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடைக்காரரிடம் புண்ணுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானே போய்ப் பேசினேன். அவருடைய அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அக்கா சின்ன வயதில் சபைக்கு வெளியே ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். கணவர் இறந்த பிறகு போக இடமில்லாமல் இருந்தார். அம்மா விழுந்ததும் அண்ணனே கூப்பிட்டுப் பின்பக்க அறையைக் கொடுத்தார். அண்ணனும் அண்ணியும் மாடியில் இருந்தார்கள்.

படமெடுக்க அண்ணன் உடனே சம்மதித்துவிட்டார். "அம்மாவ நாங்க எப்படி வெச்சிருக்கோம்னு நாலு பேரு பாக்கட்டும். தங்கச்சி மூஞ்சி மட்டும் வரக்கூடாதும்மா. திரும்பி வந்துட்டான்னு சர்ச்ல யாருக்கும் சொல்லல."

அக்காவும் அதையே சொன்னார். "கை வரைக்கும் எடுத்துக்க. மூஞ்சில இன்னா கீது?"

எனக்கும் அது பிடித்திருந்தது. முகம் நடிக்கும், கை நடிக்காது என்று அப்போது யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அந்தக் கைகளை மட்டும் எடுத்தேன். கஞ்சியை ஆற்றும் கை. முதுகுப் புண்ணைச் சுற்றிப் பஞ்சால் ஒற்றும் கை. நகம் வெட்டும் கை. மாதக்கணக்கில் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்து அண்ணனுக்கும் அனுப்பினேன். எந்த வீட்டில் எடுத்தாலும் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

டீச்சருக்குப் பேச்சு பாதி திரும்பியிருந்தது. மகளை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை. "ஆயா" என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் பெண்ணைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில்.

ஒருநாள் உடம்பு துடைக்கும்போது, "ஆயா, தண்ணி சுடுது" என்றார்.

"சுடலம்மா. நீயே தொட்டுப் பாரு."

"ஆயாவுக்கு என்ன தெரியும்?"

அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தியா, டீச்சரு கிளாஸ் எடுக்குறாங்க."

வெளியே வந்ததும், "நீங்க யாருன்னு நிஜமாவே தெரியலயாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? அண்ணன் பேரு தெரியுது, அண்ணி பேரு தெரியுது. மாடில வளக்குற நாயி பேரு கூட கரெக்டா சொல்றாங்க."

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். "பெட்டிப் படத்துல நான் நிக்கணும். நின்னுட்டா சித்தி, பெரியப்பா, துபாய்ல இருக்கிற தம்பி எல்லாரும் பாத்துருவாங்க. அதுக்கப்புறம் இவ யாருன்னு அண்ணனால கேக்க முடியாது. அந்தப் பின்ரூமு எனக்கு நிக்கும்."

அம்மா உயிரோடு இருக்கும்போதே அம்மாவின் பெட்டிப் படத்தைப் பற்றிப் பேசுகிறோமே என்று அவர் தயங்கவில்லை. நானும் தயங்கவில்லை.

டீச்சர் ஒரு காலையில் இறந்தார். அண்ணனே கூப்பிட்டார். "நீதான்மா எடுக்கணும். நல்ல கேமராவா கொண்டா."

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து என் அம்மா கேட்டாள். "இன்னாடி, இப்ப பொணத்தயும் படம் புடிக்கப் போறியா? இதுக்கா காலேஜு போன?"

"இதுக்கும்தாம்மா."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா டீச்சரைக் குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை கட்டி, கையில் வேதாகமத்தையும் வைத்துவிட்டிருந்தார். பிறகு தானும் தலைக்குக் குளித்துச் சாம்பல் நிறப் புடவை கட்டிக்கொண்டு வந்து, பெட்டியின் கால்மாட்டில் நின்றார். தலையில் இன்னும் ஈரம் இருந்தது.

அண்ணன் எல்லோரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். உயரமானவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால். துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பெண்மணி அக்காவைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்.

அண்ணி சொன்னார். "அம்மாவப் பாத்துக்க வெச்சிருந்தோம்."

பிறகு அக்காவின் காதருகே போய், "வர்றவங்களுக்குக் காபி யாரு பாக்குறது? போ" என்றார்.

"ஒரு படம் மட்டும் அண்ணி. எடுத்ததும் போயிடுறேன்."

"ஓரத்துல ஒரு ஆளு தனியா நின்னா படம் கோணலா வரும்" என்றார் அண்ணன். அவர் தங்கையைப் பார்க்கவே இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாஸ்டர் வந்துட்டாரு. சீக்கிரம் போ."

"அக்காவும் நிக்கட்டும் சார்" என்றேன்.

"நீ படத்த எடும்மா. யாரு நிக்கணும்னு நாங்க பாத்துக்கறோம். உங்க பக்கத்துல இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, உனக்குத் தெரியாது."

அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். நான் லென்ஸை மாற்றினேன். அகலமாகக் காட்டும் லென்ஸ். முதுகு ஜன்னல் கம்பியில் இடிக்கும்வரை பின்னால் போனேன். இப்போது வலது ஓரத்தில் சமையலறை வாசலும் சட்டத்துக்குள் வந்தது. "எல்லாரும் இங்க பாருங்க" என்று தேவைக்கு அதிகமாகவே கத்தினேன். அக்கா தட்டோடு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று கேமராவைப் பார்த்தார். அவருடைய முகத்தை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை.

அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணன் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இவ எப்படி உள்ள வந்தா?"

"ஹால் சின்னது சார். வைட் லென்ஸ் போட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். சமையலறை வாசல் போனது. அக்கா போனார். "பாத்தியா, எவ்ளோ ஈஸி" என்று சொல்லிக்கொண்டே உறவினர்கள் குழுவுக்கு அனுப்பினார். அனுப்பி முடித்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"முழுப் படம் என்கிட்ட இருக்கு சார். அத நான் அழிக்க மாட்டேன்."

"வெச்சுக்கோ. யாரு வந்து கேக்கப் போறா?"

சில வாரம் கழித்து, டீச்சரின் நினைவாக சர்ச் ஹாலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். திரையில் டீச்சரின் பழைய படங்கள் ஓடின. அவை முடிந்ததும் கைகள் வந்தன. நான் எடுத்த கைகள். கஞ்சி ஆற்றும் கை, புண்ணைத் துடைக்கும் கை, நகம் வெட்டும் கை, எல்லாம் சுவர் உயரத்துக்கு வந்தன.

பாஸ்டர் குரல் தழுதழுக்கப் பேசினார். "இந்தக் கைகளைப் பாருங்கள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்திருப்பாளா? இந்த வீட்டுக்கு வந்த மருமகளின் கைகள் இவை."

முன்வரிசையில் அண்ணி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "தோத்திரம்" என்றது கூட்டம்.

நான் எழுந்தேன். "அது மேடம் கை இல்லீங்க. டீச்சரோட பொண்ணு கை. அவங்க இங்கதான் இருக்காங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால், டீ கேன் பக்கத்தில் காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் நிதானமாகச் சிரித்தார். "சரி, சம்பந்தப்பட்டவங்களயே கேட்டுருவோம். நீயே சொல்லும்மா, அது யாரு கை?"

அக்கா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணி கைதான்" என்றார். "நீ உக்காரு."

"நாலு எழுத்து படிச்சதும் இதுங்களுக்கு வாயப் பாரு" என்று யாரோ ஒருவர் முணுமுணுப்பது போல உரக்கச் சொன்னார். நான் உட்காரவில்லை. எத்தனை எழுத்து படித்தேன் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். கையில் எனக்கும் ஒரு கப் டீ இருந்தது.

"உனக்கு பேஜார் புடிச்ச வாயி."

"உங்க கைக்கா அது."

"கை போனா போவுது. நாளைக்கு எந்த ரூம்ல படுப்பேன்னு நீயா வந்து பாப்ப? குடி, ஆறிடும்."

குடித்தேன்.

அறை அவருக்கு நின்றது. அவர் சொன்ன பொய்யால் அல்ல. கேளம்பாக்கத்தில் இருந்த அண்ணியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவரைக் கொண்டுவந்து டீச்சரின் கட்டிலிலேயே போட்டார்கள். டீச்சருக்கு வாங்கி மிச்சமிருந்த டயப்பர் பாக்கெட்டையும் வீணாக்கவில்லை.

அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். "வா, படம் எடு. இந்தத் தடவ மூஞ்சியோட எடுக்கலாம். அண்ணனே சொல்ட்டாரு."

"எப்படிக்கா?"

"அண்ணியோட தம்பிங்களுக்கு அனுப்பணுமாம். உங்கம்மாவுக்கு ஆளு வெச்சுப் பாக்குறோம்னு தெரியணும்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

போனேன். புதிதாக வந்த அம்மா சாதுவானவர். அக்கா தலை வாரிவிடும்போது கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவா மகளே" என்றார். அக்காவின் சீப்பு பாதியில் நின்றது. அப்போது அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். நான் எடுத்தேன். அந்த வீட்டில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அண்ணன் அதை அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பிவிட்டார். அக்கா ஒரு பிரதி கேட்டார். சட்டம் போட்டுக் கொடுத்தேன். பின்ரூம் சுவரில் டீச்சரின் படம் மாட்டியிருந்த ஆணி வெறுமனே இருந்தது. அந்தப் படத்தை மாடிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அக்கா இதை அந்த ஆணியில் மாட்டினார்.

நான் அங்கே இருந்தபோதே தண்ணீர் கேன் போடுபவர் உள்ளே வந்தார். கேனை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார்.

"உங்க அம்மாவாக்கா? அப்படியே உங்க ஜாடை."

"ஆமா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.