என் கணவர் வைத்த பாஸ்வேர்ட்

ஈப்போவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கணவர் ஒரு பழைய கணினியை ப்ராக்ஸி சர்வராக மாற்றி வைத்தார். வீட்டில் யார் இணையத்துக்குள் போனாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது முதலில் பாஸ்வேர்ட் கேட்கும்.

“பாதுகாப்புக்குத்தான்லா,” என்றார்.

பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டேன். ஆங்கில எழுத்துகளில் ‘மலடி’ என்று அடித்துக் காட்டிச் சிரித்தார். எனக்கு இரண்டாவது கருவும் கலைந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் வீட்டிலிருந்தே இணையத்தில் கேக் ஆர்டர் எடுப்பவள். அதனால் தினமும் அந்த வார்த்தையை அடித்தேன். மாற்றச் சொல்லி அழுதபோது, “உண்மையத்தானே வச்சிருக்கேன், மறக்காது பாரு,” என்றார்.

தீபாவளிக்கு ஆயர் தாவாரிலிருந்து அவருடைய தங்கை வந்தாள். எல்லாரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அண்ணி, பாஸ்வேர்ட் கேக்குது. என்னா அது?”

நான் அவரைப் பார்த்தேன்.

“நீயே சொல்லு,” என்றார்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். என் மாமியார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கடைசி எழுத்தை அடிக்கும்போது தங்கைக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

“கெடச்சிருச்சு,” என்று சொல்லிவிட்டு வீடியோ பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கோலா கங்சாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். திரும்பிப் போகவில்லை. அவருடைய கொடுமை எனக்குப் பழகியிருந்தது. அது மட்டும் என்றால் இன்னும் பல வருடம் பொறுத்திருப்பேன். அந்த வீட்டில் ஒருவராவது ஏன் என்று கேட்பார் என நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போன பிறகுதான் என்னால் வெளியே வர முடிந்தது.